பட்டறையா, வெளிவேலையா?

சிங்கப்பூரில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பெரும்பாலான சிறப்புப் பள்ளிகள் 18 வயதோடு முடிகின்றன. (டெல்ட்டா சீனியர், மெத்தா பள்ளிகளில் 21 வரை தொழில் படிக்கலாம்.) அதன்பின் எங்கே? அவர்களுக்கென்றே நடத்தப்படும் பட்டறையிலா, வெளி நிறுவனத்திலா?

வருமானம்: மைண்ட்ஸ் (அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்கான நல அமைப்பு) போன்ற அமைப்புகளின் பட்டறையில் சிறு உதவித்தொகை. வெளியே சம்பளம், மத்திய சேம நிதி.

வேகம்: பட்டறையில் பொட்டலம் கட்டுவது போன்ற நிதானமான வேலை. ஹோட்டல், உணவகத்தில் கை ஓடவேண்டும்.

துணை: பட்டறையில் பயிற்றுநர் கூடவே இருப்பார். வெளியே ஜாப் கோச் (வேலையிடத்தில் பழக்கும் பயிற்றுநர்) பழக்கிவிட்டு மெல்ல விலகுவார். அங்கேதான் சிக்கல். மேற்பார்வையாளர் மாறினால், பஸ் வராவிட்டால் பிள்ளை என்ன செய்வான்? சான்றிதழைவிட நான் இதைத்தான் பார்ப்பேன்.

தனியாக எம்ஆர்டி ரயிலில் ஏறி, உதவி கேட்கத் தெரிந்தவருக்கு வெளிவேலை. உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பை அணுகுங்கள். அருகில் ஆள் இல்லாவிட்டால் பதறுகிறவருக்குப் பட்டறை, இப்போதைக்காவது.