கொழு வகை நேரடி விதைப்புக் கருவி: பல பருவங்கள் ஓட்டிய பிறகு

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் குத்தகை நிலத்தில் கோதுமை விதைக்கப்போகும் என் சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான்: “அண்ணா, நீங்கள் வைத்திருக்கும் அதே விதைப்புக் கருவி இங்கே பழையது ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?” அவன் கேட்ட நேரம் அப்படி. தேய்ந்த கொழு முனைகளை மாற்றி, கசிந்த ஹைட்ராலிக் சிலிண்டரைப் பழுதுபார்த்து, பெரிய தொகை கட்டிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். இந்தப் பதிலில் சூடு சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

உழாத நிலத்தைக் கொழுவால் கீறி விதைக்கும் கருவி இது. அகலம், எடை, வரிசை எண்ணிக்கை எல்லாம் விற்பனைத் தாளிலேயே உள்ளன. நான் பேச வேண்டியது கொழுக்களுக்கு நடுவில் வைக்கோல் சிக்கும் அடைப்பைப் பற்றி.

எங்கள் நிலம் அதே நாட்டின் மேற்குக் கேப் மாகாணத்தில், ஸ்வார்ட்லாந்தில், மூரீஸ்பர்க் பக்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். மண் ஆழமில்லாதது, களிப்பாறைச் சில்லு நிறைந்தது. இப்படிப்பட்ட மண்ணை ஆண்டுதோறும் புரட்டினால் இருக்கும் கரிமச் சத்தும் கரைந்துபோகும். அதனால்தான் இங்கே பலர் உழவை விட்டுவிட்டு, ஓர் ஆண்டு கோதுமை, மறு ஆண்டு மெடிக் என்று மாற்றிப் பயிரிடுகிறார்கள். மெடிக் பயறு இனத் தீவனச் செடி. காற்றிலிருந்து தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்க்கும். உதிர்ந்த நெற்றுகளிலிருந்து தானே மறுபடி முளைக்கும். அடுத்து வரும் கோதுமைக்கு யூரியாச் செலவு குறைகிறது. அருகிலுள்ள லாங்கெவென்ஸ் ஆய்வுப் பண்ணையில் 1996 முதல் நடந்துவரும் பயிர்ச் சுழற்சிச் சோதனை இந்த வட்டார விவசாயிகளுக்கு நன்கு தெரிந்தது.

இந்த முறைக்கு உயிர்நாடி அரிதாள். அறுவடைக்குப் பின் அது மண்ணை மூடிக் கிடக்க வேண்டும். வெயிலைத் தடுக்க, ஈரத்தைக் காக்க, மெல்ல மட்கி மண்ணுக்கு உணவாக. தாளை விலக்கிக்கொண்டு ஒரு கீற்று மட்டும் திறந்து விதைப்பதற்காகவே இந்தக் கருவியை வாங்கினேன். ஆனால் நல்ல மழை ஆண்டுக்குப் பிறகு தாள் அடர்ந்து நிற்கும் வயலில், அந்தத் தாளே கொழுக்களுக்கு நடுவில் சிக்கித் திரண்டு இழுபடுகிறது. வாருகோல் இழுத்ததுபோல் பின்னால் வெறும் மண் தெரியும். மூடப்படாத விதையைப் பறவைகள் பொறுக்கும். கருவியைத் தூக்கிக் குவியலை விட்டுவிட்டு நகர்ந்தால், குவியலின் ஓரத்தில் முளைத்த பயிர் மஞ்சளாக நிற்கும். வைக்கோலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தமக்கு இழுத்துக்கொள்வதால் வரும் மஞ்சள் அது. மண்ணை வளமாக்க வாங்கிய கருவி, மண் நன்றாக விளைந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காலைப் பனியில் நனைந்த வைக்கோல் நாராகச் சுற்றிக்கொள்ளும்; வெயில் ஏறி மொறமொறப்பானதும் ஓரளவு வழிவிடும். ஆனால் முதல் மழை விழுந்தபின் மண் பதம் காத்திருக்காது. அறுவடை இயந்திரம் வைக்கோலைப் பொடியாக நறுக்கிச் சமமாகத் தூவினால் பாதித் தொல்லை தீரும். தாளின் உயரம் வரிசை இடைவெளியைத் தாண்டாமல் அறுக்க வேண்டும். கோடையில் ஆடுகளைக் கூடுதலாக மேயவிடச் சொல்கிறார்கள். அளவாக மேய்ந்தால் சரி; கருவிக்காக மண்ணின் போர்வையை ஆட்டுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். இது போடும் விதைச் சால் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடியுரம் விதைக்குக் கீழே தனியாக விழுகிறது. காய்ந்த மண்ணில் உரம் பட்டு முளை கருகுவதில்லை. அமுக்குச் சக்கரம் விதையை மண்ணோடு ஒட்டவைத்து மேலே சிறு பள்ளம் விடுகிறது. சிறுதூறல் நீரும் அந்தப் பள்ளத்தில் இறங்கி விதையைத் தொடும். மே மாதம் வறண்டு போன பருவத்திலும் வரிசை பிசகாமல் கோதுமை எழுந்து நின்றது. இன்று மண்வெட்டி போட்டால் மண்புழு வருகிறது. முன்பு வெறும் கல்தான் வந்தது. சுண்ணாம்பு விஷயம் வேறு: உழாத நிலத்தில் தூவிய சுண்ணாம்பு மேலேயே தங்கி, அடியில் புளிப்பு நீடிக்கும். அதற்குக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆழம் பிரித்து மண் பரிசோதனை செய்வது நம் பொறுப்பு.

தம்பி, நீ வாங்காதே. கோடை மழையைச் சேமித்து வைத்துத்தான் உங்கள் பக்கம் கோதுமை வளர்கிறது; அங்கே தாள் இன்னும் அவசியம், மக்காச்சோளத் தட்டையோ இன்னும் தடிமன். முன்னால் வைக்கோலை அறுக்கும் வெட்டுத் தட்டு உள்ள கருவியைப் பார். ஈர மண்ணில் அதுவும் வைக்கோலை அறுக்காமல் சாலுக்குள் திணிக்கும், அதையும் விசாரித்துக்கொள். என்னுடையதை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். தர மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். இவ்வளவு சொன்ன பிறகும் உனக்கு மனம் அதிலேயே நின்றால், தாள் அடர்ந்து நிற்கும் வயலில் ஓட்டிக் காட்டச் சொல். உழுத நிலத்தில் மட்டும் காட்டினால் விலை பேசாமல் திரும்பிவிடு.