முக்கூடலில் பிளாக்செயின் சங்கச் செயலி: 3 மாதப் பயன்பாட்டுக்குப் பின்
பீடி சுற்றும் எங்கள் முக்கூடல் பெண்கள் 20 பேர், தலைவரோ பொருளாளரோ இன்றி உறுப்பினர் வாக்கே அனைத்தையும் முடிவு செய்யும் பிளாக்செயின் (பல கணினிகளில் ஒருசேரப் பதிவாகி, பின்னர் எளிதில் மாற்ற இயலாத கணக்கேடு) சங்கச் செயலி ஒன்றை 3 மாதம் பயன்படுத்தினோம். சந்தாப் பணம் எங்கே போகிறது என்பதை எவரும் எந்நேரமும் பார்க்கலாம் என்பது, நோட்டுக் கணக்கை நம்பி ஏமாந்த எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால், டோக்கன் (செயலியில் ஒருவரது பங்கைக் காட்டும் மின்னணு வில்லை) அதிகம் வைத்திருப்பவருக்கு வாக்கும் அதிகம் என்ற விதியை என்னால் ஏற்க முடியவில்லை. சங்கம் என்றால் ஆளுக்கு ஒரு வாக்குதான். மடியில் சுளகோடு அமர்ந்திருந்த அக்கா ஒருவர், கணக்கைத் திறக்கும் சாவியான 12 ஆங்கில மீட்புச் சொற்களை எழுதி வைத்த தாளைத் தொலைத்துவிட்டதால், அவரது பங்கை எவராலும் மீட்டுத் தர இயலவில்லை. 2016இல், இதேபோல் தலைவரின்றி உறுப்பினர் வாக்கால் இயங்கிய ‘தி டாவ்’ என்ற பிளாக்செயின் அமைப்பின் நிரலில் இருந்த ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் (ஒரு மின்னணு நாணயம்) களவு போனது அப்போது நினைவுக்கு வந்தது. கணக்குக்கு மட்டும் இச்செயலியை வைத்துக்கொண்டிருக்கிறோம். கழிவு என்று எங்கள் பீடிக் கட்டுகளைக் கடைக்காரர் ஒதுக்கினால், 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூடி நின்றதைப் போல, கடை வாசலுக்கு நாங்களே சேர்ந்து போகிறோம்.