சிங்காநல்லூர் சாந்தி கேண்டீன்: அப்பா கூட்டிப் போன இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடுநிலையான விமர்சனம் இல்லை. இந்தக் கேண்டீனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அப்பாவைப் பற்றித்தான் எழுத வரும். எத்தனை ஸ்டார் என்று கேட்டால் ஐந்துக்கு ஐந்து. சாப்பாடு எப்படி, எப்போது போகலாம் என்பது மட்டும் போதும் என்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காக இடத்தைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் திருச்சி ரோட்டைப் பிடித்து சுங்கம், ராமநாதபுரம் எல்லாம் தாண்டி வந்தால் சிங்காநல்லூர். மதுரை, திருச்சி பஸ்கள் கிளம்பும் ஸ்டாண்டு இருக்கிற அதே சிங்காநல்லூர்தான். அங்கே யாரிடம் வேண்டுமானாலும் சாந்தி கேண்டீன் என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். முழுப் பெயர் சாந்தி சோஷியல் சர்வீசஸ். பழைய ஆட்களுக்கு இன்னமும் அது சாந்தி கியர்ஸ் கேண்டீன்தான், எங்கள் அப்பா கடைசி வரை அப்படித்தான் சொன்னார்.

காலையில் போனால் இட்லி, பொங்கல், வடை, பூரி, தோசை. மதியம் சாப்பாடு. சாயங்காலம் மறுபடியும் டிபன், காபி. என் ஓட்டு பொங்கலுக்கு. நெய் மிதக்காது, முந்திரி தேட வேண்டியிருக்காது, ஏனென்றால் தேடும்படி ஒன்றும் ஒளித்து வைக்க மாட்டார்கள். சாதாரணமாக வீட்டில் செய்கிற பொங்கல், சூடாக, சுத்தமான தட்டில். நாக்குக்கு விருந்து தேடுகிறவர்களுக்கு இந்த ஊரில் வேறு ஓட்டல்கள் ஏகப்பட்டது உண்டு, இது வயிற்றுக்கான இடம். நான் போனபோதெல்லாம் பார்த்தது, டேபிளைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார், ஆனால் துடைக்காத டேபிளில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டு ஏன் இத்தனை கூட்டம் என்று கேட்காதீர்கள். ஏழு மணிக்குப் போங்கள்.

விலையை இங்கே எழுதவில்லை. நான் எழுதி, நீங்கள் போகும்போது ஒரு ரூபாய் கூடியிருந்தால் என்னைத்தான் திட்டுவீர்கள். வெளியே நல்ல ஓட்டலில் ஒரு ஆள் டிபன் சாப்பிடுகிற காசில் இங்கே ஒரு குடும்பமே சாப்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவு தெரிந்தால் போதும். தரத்தில் குறை வைத்துவிட்டு விலையைக் குறைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் முதல்முறை போகிற எல்லோருக்கும் வரும். என் வீட்டுக்காரருக்கும் வந்தது. இட்லியைப் பிய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார், அப்புறம் இன்னொரு செட் வாங்கி வந்தார்.

இதை நடத்தியவர் பி. சுப்பிரமணியம். சாந்தி கியர்ஸ் கம்பெனியை உண்டாக்கியவர். ஆரம்பத்தில் பஞ்சாலை இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் செய்த கம்பெனி, பின்னால் பெரிதாக வளர்ந்தது, 2012-ல் முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுக்கு விற்றுவிட்டார். சாந்தி சோஷியல் சர்வீசஸ் அதற்கும் முன்பே, 1996-ல் தொடங்கியது. கேண்டீன் மட்டுமல்ல, தள்ளுபடி விலையில் மருந்துக்கடை, குறைந்த கட்டணத்தில் டாக்டர், லேப், ஸ்கேன், டயாலிசிஸ், ரத்த வங்கி, ஒரு பெட்ரோல் பங்க். அந்தப் பங்க்கைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. விலை ஏறினாலும் பழைய விலைக்கு வாங்கிய இருப்பு தீருகிற வரை பழைய விலைக்கே போடுவார்கள் என்பார்கள். ஆதரவில்லாத வயதானவர்களுக்குத் தினமும் இலவசமாகவும் சாப்பாடு போட்டார்கள். இவ்வளவு செய்தவர் தன் படம் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டார். 2020 டிசம்பரில் 78 வயதில் அவர் இறந்தபோதுதான், இத்தனை வருஷம் அங்கே சாப்பிட்ட பாதிப் பேர் அவர் முகத்தையே முதல்முறை பார்த்தார்கள். நானும் அதில் ஒருத்தி. அப்பாவிடம் போனில் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ரொம்ப நேரம் பார்த்தார். "இவரு நம்ம கூட வரிசையில நின்னிருந்தாலும் தெரிஞ்சிருக்காது பாரு சாமி" என்றார்.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

அப்பா சிங்காநல்லூர் பக்கத்தில் ஒரு பஞ்சு மில்லில் ரிங் ஃபிரேம், அதாவது நூல் நூற்கிற மெஷின், ஓட்டினார். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒரு தினுசாக வீடு நடக்கும். பகல் ஷிப்ட் வாரத்தில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் பிள்ளைகள் எங்கள் இரண்டு பேர் யூனிபார்மையும் தேய்த்து வைத்துவிட்டுத்தான் தூக்குப்போசியோடு கிளம்புவார். அம்மாவுக்கு டைபாய்டு வந்த மாதம் எனக்கு அவரே சடை பின்னிவிட்டார். நூல் அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுகிற கை அது, ஆனால் இரண்டு சடையும் ஒரே உயரத்தில் வந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு தெருவுக்கும். மாரியம்மன் நோம்பிக்கு வரி வசூலிக்கிற நோட்டு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். யார் வீட்டுப் பிள்ளைக்காவது ரத்தம் வேண்டுமென்றால் நாலு பேரை சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலுமாகக் கிளப்பிக்கொண்டு போவார். மில்லை ஒரு நாள் காலையில் பூட்டிவிட்டார்கள், சேர வேண்டிய பாக்கி வருவதற்கே வருஷங்கள் ஆனது. அந்த வருஷங்களில் எங்கள் திண்ணை பி.எஃப். ஆபீஸ் மாதிரி இருந்தது. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஆட்களுக்கு இவர்தான் ஃபாரம் நிரப்புவார். ஒவ்வொருத்தர் சர்வீஸ் வருஷத்தையும் விரல் விட்டு எண்ணி, சந்தேகம் வந்தால் "உன்ற மூத்தவ பொறந்தப்ப நீ எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டு வருஷத்தைக் கண்டுபிடிப்பார். அது அவருடைய சொந்தக் கணக்கு முறை, பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இதில் எங்களுக்கு வருத்தமும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். என் கல்லூரி ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணத்தில் பாதி யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனபோது அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் ஒரு வாரம். அந்தப் பணம் திரும்பி வந்தது, ஆனால் ஐந்து வருஷம் கழித்து.

மில் போன பிறகு ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை. அப்புறம் அதுவும் முடியாமல் போய் வெறும் பென்ஷன். மில் தொழிலாளிகளுக்கு வருகிற பி.எஃப். பென்ஷன் எவ்வளவு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 2014-ல்தான் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அப்பாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வந்தது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஊருக்கு விருந்து போட முடியுமா?

போட்டார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பென்ஷன் வந்த வாரம் பழைய மில் கூட்டாளிகள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சாந்தி கேண்டீனுக்குப் போவார். பையன் கவனிக்காத ஒருத்தர், பெண்டாட்டி போய்ச் சேர்ந்த ஒருத்தர், அந்தந்த மாதம் யார் வாடிப்போய் இருக்கிறார்களோ அவர்கள். வாசலில் நின்று விரலை நீட்டித் தலையை எண்ணுவார். பில் போடுகிற இடத்தில் வேறு யாரும் பையில் கை விட்டால் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். ஒரு தடவை நானும் கூட இருந்தேன், அப்போது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், நான் கொடுக்கிறேன் என்று பர்ஸைத் திறந்தேன். முறைத்தார். எவ்வளவு ஆச்சுப்பா என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு சாமி" என்று தட்டை என் கையில் கொடுத்தார்.

இலவசமாகச் சாப்பாடு போடுகிற இடங்கள் நிறைய உண்டு, அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் இலவச இடத்துக்கு அப்பா அந்த நாலு பேரைக் கூட்டிப் போயிருக்க மாட்டார், அவர்களும் வந்திருக்க மாட்டார்கள். இங்கே காசு கொடுத்தார்கள், பில் வாங்கினார்கள், இன்னொரு வடை வேண்டுமா என்று கேட்கும் உரிமையோடு உட்கார்ந்தார்கள். கையில் ஆயிரத்துச் சில்லறை இருக்கிற ஒருத்தர் ஆறு பேருக்கு விருந்து வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வர முடிந்தது. பசியாற்றுகிற கேண்டீன் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒன்றுமில்லாதவனையும் விருந்து வைக்க விட்ட கேண்டீன் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா தெரியவில்லை, நான் எழுதிவிடுகிறேன்.

அப்பா போன வருஷம் ஆவணியில் தவறிவிட்டார். காய்ச்சல் என்று படுத்தார், நாலாவது நாள் இல்லை. கூட்டம் எவ்வளவு என்று சொல்லப் போவதில்லை, தெருவில் கார் திரும்ப முடியவில்லை.

கருமாதி முடிந்த மறு வாரம் ஒரு காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பாவோடு கேண்டீனுக்குப் போகிற அதே செட், ஐந்து பேர். இரண்டு பேர் ஆட்டோவில், மூன்று பேர் பஸ்ஸில் முன்னாலேயே போயாயிற்றாம். அம்மாவைச் சாப்பிடக் கூட்டிப் போக வந்திருந்தார்கள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. தாலி கழற்றி இருபது நாள் ஆகவில்லை, இப்போது வெளியே போய் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று உள்ளேயே நின்றுகொண்டார். அவர்களில் மூத்தவர், அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே டிபார்ட்மெண்டில் இருந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு நிலவுகால் வரை வந்தார். "ஊரே நாங்கதானுங்க அக்கா. வாங்க."

அம்மா போனார். நானும் போனேன். பொங்கல், வடை, காபி. மூன்று வாரமாகக் கொறித்துக்கொண்டு மட்டுமே இருந்தவர், முதல் வாய் வைத்ததும் நிறுத்தி, "உப்பு சரியா இருக்குது" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் தட்டு காலி. பில்லுக்கு அந்த ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள் போலிருக்கிறது, மேஜைக்கு அடியில் கைமாறிய பத்து ரூபாய் நோட்டுகளை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: வயதானவர்களோடு போனால் ஒருத்தர் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளுங்கள், ஒருத்தர் போய் வாங்கி வாருங்கள், அவர்களைத் தட்டோடு கூட்டத்தில் நடக்க விடாதீர்கள். தேவையானதை மட்டும் வாங்குங்கள், போதாவிட்டால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். இந்தக் கடைசி விஷயம் கேண்டீன் சொன்னது இல்லை, அப்பா சொன்னது.

இப்போது பென்ஷன் அம்மா பெயருக்கு மாறியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் எடுக்கவில்லை. பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். எதிர்வீட்டு அக்காவையும், அந்த அக்காவுடைய மாமியாரையும், தெருமுனையில் தனியாக இருக்கிற டெய்லரம்மாவையும் கூட்டிக்கொண்டு சாந்தி கேண்டீனுக்குப் போயிருந்தாராம். என்னைக் கூப்பிடவில்லை. யாரும்மா பில் கொடுத்தது, எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு சாமி" என்றார்.