புகைக்கரிக் கணக்கு: அடுப்பிலிருந்து தொடங்குவதா, காற்றிலிருந்தா?

எரிபொருள்கள் உமிழும் புகைக்கரியை மதிப்பிட இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. எரிந்த விறகு, டீசல், நிலக்கரி ஆகியவற்றின் எடையைத் திரட்டி, ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் கரி என்னும் உமிழ்வுக் காரணியால் பெருக்குவது கணக்கேட்டு முறை. காற்றில் மிதக்கும் துகள்களை வடிதாளில் பிடித்து, அவை எதிலிருந்து வந்தவை என்று ஆராய்வது அளவீட்டு முறை. தெற்காசியாவில் இவ்விரண்டும் நெடுங்காலம் முரண்பட்டன: கரியில் 50 முதல் 90 விழுக்காடு வரை விறகு, சாணம் போன்றவற்றிலிருந்து வருவதாகக் கணக்கேடுகள் கூற, துகள்களின் வேதிக்கூறுகளோ புதைபடிவ எரிபொருள்களைக் காட்டின.

கணக்கேட்டின் பலவீனம் பெரும்பாலும் காரணியில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் உலர்ந்த விறகை ஒரே சீராக எரித்துப் பெற்ற எண், ஈர விறகைத் திணித்து ஊதி எரிக்கும் சமையலறைக்குப் பொருந்துவதில்லை. மண்ணெண்ணெய் விளக்கு இதைவிடக் கடுமையான பாடம்: திரிவிளக்கில் எரியும் எண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு ஏறத்தாழ முழுக்கரியாகவே வெளியேறுகிறது என்று 2012இல் வெளியான அளவீடு காட்டியதும், மண்ணெண்ணெயின் பங்கு பற்றிய முந்தைய மதிப்பீடு ஏறக்குறைய இருபது மடங்கு உயர்ந்தது. 1996ஆம் ஆண்டின் உலக உமிழ்வை 80 லட்சம் டன் என்று கணித்த புகழ்பெற்ற கணக்கேடே, உண்மை அளவு 43 லட்சத்திலிருந்து 220 லட்சம் டன் வரை எங்கும் இருக்கலாம் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டது.

அளவீட்டு முறைகளில் என் மதிப்பில் முதலிடம் கதிரியக்கக் கார்பனுக்கே. அண்மையில் வளர்ந்த மரத்தில் கார்பன்-14 என்னும் இக்கதிரியக்கக் கார்பன் உண்டு; கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது அறவே இல்லை. புணே அருகிலுள்ள சிங்ககட் கோட்டையிலும் மாலத்தீவின் ஹனிமாதூவிலும் பிடித்த குளிர்காலத் துகள்களை இவ்வாறு ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு, கரியைப் பிரித்தெடுக்கும் ஒரு முறைப்படி பாதியும், மற்றொரு முறைப்படி மூன்றில் இரண்டு பங்கும் விறகு, சாணம், வைக்கோல் போன்ற உயிர்ப்பொருள் எரிப்பால் வந்தவை என்றது. எதைக் கரி என்று வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுவதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஒளி உறிஞ்சலைக் கொண்டு அளக்கும் கருவிகள் மலிவானவை, இடைவிடாமல் இயங்குபவை. ஆனால் துகளின் மேல் பிற பொருள்கள் படிந்தால் அதே எடையுள்ள கரி கூடுதல் ஒளியை உறிஞ்சி, அளவை மிகைப்படுத்திவிடும்.

கணக்கேட்டைச் சரிபார்க்க நான் கார்பன்-14 முடிவையே நம்புவேன். ஆயினும் அது டீசலையும் நிலக்கரியையும் பிரித்தறியாது. வீட்டு அடுப்பையும் வயலில் எரியும் வைக்கோலையும் பிரித்தறியாது. எந்த அடுப்பை முதலில் மாற்றுவது என்று ஓர் அரசுத் துறை கேட்டால், திருத்திய காரணிகளோடு மீண்டும் கணக்கேட்டையே திறக்க வேண்டியிருக்கும்.