வயலோர வௌவால்களைக் கேட்க ஆடியோமாத்

நெல்வயல், தென்னந்தோப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என நிலம் மாற மாற, பூச்சியுண்ணும் வௌவால்களின் நடமாட்டம் எப்படி மாறுகிறது என்பதை அறிய விரும்பும் டெல்டா மாவட்டத்தினருக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரையே கேட்கும். இக்கருவியோ வினாடிக்கு 3,84,000 ஒலி மாதிரிகள் வரை பதிவதால், நம் காதுக்கு எட்டாமல் வௌவால்கள் எழுப்பும் மீயொலியும் அகப்படுகிறது. மூன்று ஏஏ பேட்டரிகளும் ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையும் போதும். வாய்க்கால் கரையில் பதிந்ததைக் கணினியில் அலைவரைபடமாக விரித்துப் பார்த்தால், சீரான இடைவெளியில் வந்துகொண்டிருந்த ஒலித்துடிப்புகள், வௌவால் பூச்சியைப் பிடிக்கப்போகும் நொடியில் நெருங்கி நெருங்கி ஒரே இழைபோலாகிவிடுவதைக் காணலாம். அந்த ஒரு காட்சிக்கே கொடுத்த விலை தகும். ஒலி எழும்போது மட்டும் பதியும்படி அமைத்தாலும் பூச்சிகளின் இரைச்சல் அட்டையை விரைவில் நிரப்பிவிடும் என்பதால், தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டும் அமைப்பை முதலிலேயே இயக்கிவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் நீர்புகாப் பெட்டியின்றி இதை வெளியில் வைக்கவே கூடாது.