திறமூல மென்பொருள் பாடம்: கருவிகளைக் கற்பிப்பதா, பங்களிக்க வைப்பதா?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். திறமூல மென்பொருளுக்கு, அதாவது நிரலை யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளுக்கு, ஒரு செமஸ்டர் விருப்பப் பாடம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது எல்லாருக்கும் பழகிய ஐந்து யூனிட். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு என்ற இயங்குதளத் திட்டம், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்று கொஞ்சம் வரலாறு; அப்புறம் அப்பாச்சி வெப் சர்வர், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி. கேள்வித்தாள் எடுக்கலாம், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து மதிப்பெண் போடலாம், நெட் இல்லாமலும் லேப் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் வரும் எங்கள் ஊர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஜிபிஎல், எம்ஐடி என்ற திறமூல உரிமங்களின் வேறுபாட்டைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் மாணவர், இன்னொருவர் எழுதிய நிரலை ஒருமுறைகூடத் திறந்து படித்திருக்க மாட்டார்.

இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தில் பங்களிக்க வைப்பது. எடுத்தவுடன் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் போக வேண்டியதில்லை. யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கச்சிமடத்து மாணவி தன் தெருவையும், பாம்பன் மாணவர் ஐஸ் கம்பெனியையும் மீன் இறக்கும் இடத்தையும் தமிழ்ப் பெயரோடு சேர்க்கலாம். "கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரை எழுதிடலாமா சார்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கூடாது, அந்தத் தரவின் உரிமை வேறு, நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று சொல்லும் அந்த நிமிடத்தில் உரிமம் என்றால் என்ன என்பது புரிந்துவிடும். உரிமப் பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறவர்கள் லிப்ரேஆபிஸ் என்ற திறமூல ஆபிஸ் மென்பொருளின் தமிழாக்கத்தில் தொடங்கலாம்.

நெட் பிரச்சினையும் நினைத்த அளவுக்கு இல்லை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான, 2005இல் வந்த கிட், திட்டத்தின் முழு வரலாற்றையும் நம் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. வேலையை முடித்து கமிட் செய்துவிட்டு, அதாவது மாற்றத்தை ஒரு குறிப்போடு பதிந்துவிட்டு, இணைப்பு வரும்போது அனுப்பினால் போதும்.

மதிப்பெண்தான் உண்மையான சிக்கல். அனுப்பிய திருத்தத்தைத் திட்டத்தின் பராமரிப்பாளர் மாதக்கணக்கில் பார்க்காமல் விடலாம், மறுக்கவும் செய்யலாம். அதற்கு மாணவர் என்ன செய்வார்? ஆகவே ஏற்கப்பட்டதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது என்று முடிவு செய்தேன். பிழையை அடுத்தவர் திரும்பச் செய்து பார்க்கும்படி விவரித்தாரா, கமிட் குறிப்பு தெளிவாக இருக்கிறதா, விமர்சனம் வந்தபோது திருத்தினாரா என்பதற்கு மதிப்பெண் போடலாம். கமிட் பதிவுதான் ரெக்கார்டு நோட்டு.

நாட்டுப்படகு மீனவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஆப் செய்யலாமே என்றும் சிலர் சொன்னார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் மாணவர்கள் படிப்பை முடித்துப் போனபின் அதைப் பராமரிக்க ஆள் இருக்காது. அதை நம்பிக் கடலுக்குப் போகிறவரை அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை.

சரி, முதல் வழியை ஒரேயடியாகத் தள்ளவும் இல்லை. முதல் நான்கு வாரம் லினக்ஸ் கட்டளைகளும் கிட் பயன்பாடும். ஐந்தாவது வாரம் ஒவ்வொருவரும் தன் தெருவுக்கு நோட்டோடு போக வேண்டும்.