டால்மேஷனின் சிறுநீர்ப்பைக்கு எக்ஸ்ரேயா, ஸ்கேனா?

எங்கள் மணி ஐந்து வயது டால்மேஷன் நாய். ஒரு காலை வேப்பமரத்தடியில் காலைத் தூக்கியபடி நெடுநேரம் நின்றான். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கடைசிச் சொட்டு சிவப்பு. அன்றே எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் கல் எதுவும் இல்லை. நிம்மதியாகத் திரும்பிய நான்காம் நாள் மறுபடியும் ரத்தம்.

இம்முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவிக் கருவியை வைத்ததும் திரையில் கறுப்புக் குளம் போலச் சிறுநீர்ப்பை தெரிந்தது. அதன் அடியில் வெள்ளையாகச் சிறு கற்கள். மருத்துவர் வயிற்றை லேசாக அசைத்தார். கற்கள் கிளம்பி, மெதுவாக மீண்டும் படிந்தன. எனக்குக் கை நடுங்கியது.

எக்ஸ்ரேயைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் கற்கள் அதில் பளிச்சென்று தெரியும். செலவும் குறைவு. ஆனால் டால்மேஷன் விஷயம் வேறு. மற்ற நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை, நீரில் எளிதில் கரையும் அலன்டோயினாக மாற்றிவிடும். இந்த இனத்தில் எஸ்.எல்.சி.2ஏ9 என்ற மரபணுவின் கோளாறால் அந்த அமிலம் கல்லீரல் செல்லுக்குள் சரிவர நுழைவதில்லை. சிறுநீரில் இறங்கி யூரேட் கல்லாகிறது. யூரேட் கல்லை எக்ஸ்ரே கதிர் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இன்னொன்று. அறுவை செய்து எடுத்தாலும் யூரேட் கல் திரும்ப வரக்கூடியது. உணவை மாற்றி, மருந்து கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயுள் முழுவதும் தொடரப்போகும் சோதனைக்கு ஸ்கேன்தான் தோது: கதிர்வீச்சு இல்லை, மணிக்கு மயக்க மருந்தும் தேவைப்படவில்லை. சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதும் அதே அமர்வில் தெரிந்துவிடுகிறது. கல்லின் அளவை மட்டும் ஸ்கேன் சற்றுக் கூட்டிக் காட்டும்.

ஸ்கேன் கைவிடும் இடம் ஒன்று உண்டு. இடுப்பெலும்புக்குள் போகும் சிறுநீர் வழியை அது சரியாகக் காட்டாது. ஆண் நாய்களுக்குக் கல் வழக்கமாகச் சிக்குவதோ ஆணுறுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால். அங்கே அடைப்பு என்று சந்தேகம் வந்தால், குழாய் வழியாக அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேதான் கை கொடுக்கும். யூரேட் கல்கூட அதில் மருந்து நிறையாத வெற்றிடமாகத் தெரியும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் எந்தப் படம் நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே ஓடுங்கள்.

சி.டி. ஸ்கேனில் எனக்கு அனுபவம் இல்லை. பிறவியிலேயே சிறுநீரகக் குழாய் இடம் மாறி, ஓயாமல் ஒழுகும் குட்டிகளுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் சுவரும் சரியாகத் தெரியாது, சிறு கல்லும் தப்பிவிடும். அதனால் அன்று மட்டும் மணியை எந்தக் கம்பத்தருகிலும் நிற்கவிடாமல் நேரே ஆட்டோவில் ஏற்றிவிடுவோம்.